நம்பி சார் நாற்காலியில் மேடி

நேப்பியர் பாலத்தில் வைத்து சூர்யாவைச் சுட்டவர் மாதவன். 2004-ல் வந்த ‘ஆய்த எழுத்து’ படத்தில். இன்பா துப்பாக்கியை நீட்டுவார், மைக்கேல் பாலத்திலிருந்து விழுவார். பதினெட்டு வருஷம் கழித்து அதே இரண்டு பேரும் ஒரு டி.வி. பேட்டிக்காக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்பவர் பெயர் சூர்யா; வேஷம் எதுவும் கிடையாது, சூர்யாவாகவே வருகிறார். பதில் சொல்பவருக்குத் தலை நரைத்து, தாடி வெளுத்து, வயிறு முன்னால் வந்து, பல்வரிசைகூட மாறிப்போயிருக்கிறது. ‘அலைபாயுதே’யில் மின்சார ரயிலில் சக்தியைத் துரத்திக்கொண்டு போன பையன் இவர்தான் என்று விவரம் தெரியாத பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

படம் ‘ராக்கெட்ரி: நம்பி விளைவு’. 2022 மே 19 அன்று கான் திரைப்பட விழாவில் திரையிட்டு, ஜூலை 1 அன்று தியேட்டருக்கு வந்தது. அதைப் பற்றி இப்போது என்ன என்று கேட்காதீர்கள். திரையில் நடந்ததைவிடத் திரைக்குப் பின்னால் நடந்ததுதான் எனக்குப் பெரிய படமாகத் தெரிகிறது. அந்தக் கதையெல்லாம் மாதவனே பல பேட்டிகளில் கொட்டிவிட்டார். நான் பொறுக்கி எடுத்துக் கோத்துத் தருகிறேன், அவ்வளவுதான்.

அடையாற்றில் உட்கார்ந்துகொண்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதில் தனிக் குஷி உண்டு. ஊரின் ஒரு கால் சினிமாவில், ஒரு கால் விஞ்ஞானத்தில். எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. இன்று அந்த இடத்தில் பெண்கள் கல்லூரி. தரமணி ஓரம் இருக்கும் திரைப்படக் கல்லூரியை இன்னமும் ‘அடையாறு இன்ஸ்டிட்யூட்’ என்றுதான் கோடம்பாக்கம் கூப்பிடுகிறது. ‘அலைபாயுதே’யில் மாதவனை அத்தனை அழகாகக் காட்டிய பி.சி.ஸ்ரீராம் அங்கே படித்தவர். மத்திய கைலாஷ் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஐ.ஐ.டி. வேலி. அதற்குள்ளே முளைத்த அக்னிகுல் என்ற நிறுவனத்துப் பிள்ளைகள் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டுக் காட்டினார்கள். ராக்கெட் எஞ்சினும் சினிமா கேமராவும் ஒரே பேட்டையில். ‘ராக்கெட்ரி’க்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

கதாநாயகரை இரண்டு பத்தியில் சொல்லிவிடுகிறேன். நம்பி நாராயணன், 1941-ல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி. 1966-ல் தும்பா. விக்ரம் சாராபாய் காலத்து ஆள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், ராக்கெட் உந்துவிசையில் பேர் பெற்ற பேராசிரியர் லூயிஜி குரோக்கோவிடம் படித்தார். திட எரிபொருளையே எல்லோரும் கட்டிக்கொண்டு அழுத நாளில், இனித் திரவ எரிபொருள்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவர்.

1994 நவம்பர் 30. ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று கேரளப் போலீஸ் கைது செய்தது. ஐம்பது நாள் சிறை. அடி, உதை, ஊர் வாயில் துரோகிப் பட்டம். 1996-ல் சி.பி.ஐ. இது பொய் வழக்கு என்று எழுதிக் கொடுத்தது. 1998-ல் உச்ச நீதிமன்றமும் மறுவிசாரணை என்ற பேச்சை முடித்து வைத்தது. ஆனாலும் அவர் விடவில்லை. 2018 செப்டம்பர் 14 அன்று அதே உச்ச நீதிமன்றம், கைதே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2019-ல் பத்மபூஷண். 2020-ல் கேரள அரசு தனியாக 1.3 கோடி கொடுத்தது. கைதான நாளில் இருந்து கணக்குப் போட்டால் இருபத்தாறு வருஷம்.

சரி, இனி மசாலா.

மாதவன் காதுக்குக் கதை முதலில் வந்து சேர்ந்தது உளவு வழக்காகத்தான். ஒரு விஞ்ஞானி, ஒரு மாலத்தீவுப் பெண், ரகசியம், கைது, கடைசியில் நிரபராதி. எந்தக் கதாநாயகனுக்கும் நாக்கில் எச்சில் ஊறும். அவரும் நம்பி சாரைப் போய்ப் பார்த்தார், மாதக்கணக்கில் உட்கார்ந்து வழக்கை மட்டும் வைத்து எழுதினார். எழுதிய பிறகுதான் பெரியவர் போகிறபோக்கில் பிரின்ஸ்டன், பிரான்ஸ், ரஷ்யா என்று எடுத்துவிட்டார். அவருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. மாதவனுக்குத் தலை சுற்றிவிட்டது. எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் இருந்து எழுதினார். இந்தப் படம் பிழைத்தது அந்த ஒரு முடிவால்தான். யோசித்துப் பாருங்கள்: வழக்கை மட்டும் எடுத்திருந்தால் நம்பி சார் திரையிலும் மறுபடி ‘அந்தக் கேஸ்காரர்’ ஆகியிருப்பார். இப்போது படத்தின் பெரும்பகுதி ராக்கெட். ஸ்காட்லாந்துக்குப் போய் ரோல்ஸ் ராய்ஸ்காரர்களிடம் பேசிப் பேசியே கருவிகளை ஓசியில் வாங்கிக்கொண்டு வரும் ஆசாமி, நாலு பேருக்கு முன்னால் தலைக்கனத்தோடு திரியும் ஆசாமி, சொந்த நண்பனின் வீட்டில் நடந்த சாவைக்கூட வேலை கெட்டுவிடும் என்று மறைக்கும் ஆசாமி. நல்லவர் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. கெட்டிக்காரர். அப்படிப்பட்டவர் லாக்கப்பில் விழும்போது நமக்கு வலிக்கிறதென்றால், அது இந்த இரண்டாம் கதையால் வந்த வலி.

படம் தொடங்கும்போது இயக்குநர் நாற்காலியில் மாதவனோடு அனந்த் மகாதேவனும் இருந்தார். 2019 தொடக்கத்தில் அவர் விலகிக்கொண்டார். பிறகு எழுத்து, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு எல்லாமே மாதவன் தலையில். அதற்கு முன்னால் ஒரு படம் இயக்கியவர் இல்லை. ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, கோலாப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு முதல் படமே ராக்கெட்! நம்பியோடு சேர்ந்து அவருடைய மலையாளச் சுயசரிதையை எழுதிய பிரஜேஷ் சென் துணைக்கு இருந்தார்.

மேக்கப் நாற்காலிக்கு வருவோம். 2019 ஜனவரியில் மாதவன் ஒரு படத்தை வெளியிட்டார். கண்ணாடி போட்டு, நரைத்த தாடியோடு, அப்படியே நம்பி நாராயணன். முதல் தடவை அந்த வேஷத்துக்காக நாற்காலியில் பதினாலு மணி நேரம் உட்கார்ந்ததாக அப்போது சொன்னார். பதினாலு மணி நேரம்! அடையாறு டிப்போவில் பஸ் ஏறினால் கன்னியாகுமரியே போய்ச் சேர்ந்துவிடலாம். முகமூடி மாதிரி ஒட்டுகிற ரப்பர் சமாச்சாரமெல்லாம் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இளவயது நம்பிக்கு உடம்பை இறக்கு, முதுமைக்கு வயிற்றை ஏற்று. பல்வரிசை, தாடை அமைப்பைக்கூட நம்பி சாருக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக்கொண்டதாகவும், பழைய நிலைக்குத் திரும்ப வெகுநாள் ஆனதாகவும் படக்குழுவே சொன்னது. சாக்லேட் பாய் பட்டம் வாங்கித் தந்ததே அந்தச் சிரிப்புதானே ஐயா! அதையே கழற்றி வைத்துவிட்டார் மனுஷன்.

படத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது வயது. அதிலும் ஒரு நுணுக்கம் கவனித்தேன். வயதான நம்பி பேச்சை ஆரம்பிக்கும் முன் உதட்டை ஒரு முறை உள்ளே இழுத்துக்கொள்கிறார். இளவயதுக் காட்சியில் அந்தப் பழக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நம்பி சாரின் பழைய பேட்டிகளை ஓடவிட்டுப் பாருங்கள், கூர்மையாக ஒரு வார்த்தை வரப்போகிறதென்றால் முகம் முன்கூட்டியே தயாராகிவிடும். எத்தனை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்திருந்தால் இதையெல்லாம் பிடிக்க முடியும்!

அடுத்த கூத்து, மூன்று மொழி. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். மற்ற மொழிகளுக்குத்தான் டப்பிங். நம் ஊருக்கு இது புதுசில்லை. ‘ஆய்த எழுத்து’ படமே இந்தியில் ‘யுவா’ என்று வேறு நடிகர்களோடு கூடவே எடுக்கப்பட்டதுதான். ஆனால் ஒரே ஆள் மூன்று மொழியிலும் நடித்து, அவரே இயக்குநராகவும் இருந்தால்? இன்ஸ்டிட்யூட்டில் படித்து இப்போது உதவி இயக்குநராக அலையும் தம்பி ஒருவனிடம் இருமொழிப் படப்பிடிப்பு எப்படி என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை நடிக்கிறது கஷ்டமில்லைண்ணா. ரெண்டு தடவையும் அதே வார்த்தையில, அதே இடத்துல டம்ளரைக் கீழ வைக்கணும் பாருங்க, அங்கதான் உயிர் போகும்” என்றான். “தமிழ்ல வினைச்சொல் கடைசில வரும். இங்கிலீஷ்ல முன்னாடியே வந்துடும். கையை எப்ப ஓங்கறது? ஆர்ட்டிஸ்ட்டுக்கே கணக்கு தப்பிடும்.”

இதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு டேக் ஓகே ஆனதும் ஆங்கிலம், அது முடிந்ததும் இந்தி. கன்டினியூட்டி பார்க்கிற பையன் மூன்று நோட்டு வைத்திருக்க வேண்டும். ட்ராலி நகரும் வேகமும் வசனத்தின் நீளத்துக்குத் தக்கபடி மாறும். நம்பி சாருக்காகப் பல்வரிசை மாறிய வாயால் இதெல்லாம். போதாக்குறைக்கு இந்தியா, ரஷ்யா, பிரான்ஸ், ஜார்ஜியா, செர்பியா என்று படப்பிடிப்பு ஊர் ஊராகப் போனது.

இப்போது ஓசி சமாச்சாரம். தமிழில் சூர்யா செய்த பேட்டியாளர் வேஷத்தை இந்தியில் செய்தவர் ஷாருக் கான். ‘ஜீரோ’ படத்தில் மாதவன் அவரோடு நடித்தபோது கதையைச் சொல்லியிருக்கிறார். பிறகு தன் பிறந்தநாள் விருந்தில் ஷாருக்கே வந்து, பின்னால் ஓரமாக நிற்கிற வேஷமானாலும் சரி, எனக்கு இந்தப் படத்தில் இடம் வேண்டும் என்றாராம். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று மாதவன் நினைத்துவிட்டார். நிஜமாகவே தேதி கொடுத்தார் ஷாருக். சூர்யாவோ தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மும்பைக்கே விமானம் ஏறி வந்தார். சம்பளம் கிடையாது, டிக்கெட் காசு கிடையாது, தன் வசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவருக்கான காசைக்கூட வாங்கவில்லை என்று மாதவன் மேடையில் உருகினார். ஷாருக்கும் கேரவனுக்கு, உடைக்கு என்று பத்துப் பைசா வாங்கவில்லையாம். பாலத்தில் சுட்டவரை சூர்யா இப்படித்தான் பழிவாங்கியிருக்கிறார்.

சூர்யாவின் கணக்கில் இன்னொன்றும் சேர்கிறது. அதற்கு எட்டு மாதம் முன்னால், 2021 நவம்பரில், ‘ஜெய் பீம்’. செய்யாத திருட்டுக்காகப் போலீஸ் பிடித்துப்போய் அடித்தே கொன்ற ராஜாக்கண்ணுவின் வழக்கு; 1993-ல் கடலூர் மாவட்டத்தில் நடந்தது. அதை நடத்திய வழக்கறிஞர் சந்துருவாக சூர்யா கர்ஜித்தார். அங்கே வாயால் ஜெயித்தவர் இங்கே வாயை மூடிக் கேட்கிறார். எனக்கு இதுதான் பெரிய நடிப்பாகத் தெரிந்தது. பெரிய நட்சத்திரத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வைப்பது தமிழ் சினிமாவில் லேசுப்பட்ட காரியமா?

சிம்ரனை மறந்தால் சாமி கண்ணைக் குத்தும். ‘பார்த்தாலே பரவசம்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஜோடி இருபது வருஷம் கழித்து மறுபடி புருஷன் பெண்டாட்டி. மீனா நம்பி நாராயணனாக அவருக்கு நீளமான வசனம் கிடையாது. கொட்டுகிற மழையில் ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிடும் காட்சி ஒன்று போதும். வழக்கு குற்றம் சாட்டப்பட்டவரோடு நிற்பதில்லை, வீட்டுக்குள் புகுந்து மனைவியின் மனசைத் தின்றுவிடும் என்பதை அந்த முகம் சொல்லிவிடுகிறது. நிஜத்திலும் அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல என்று நம்பி சார் பல தடவை சொல்லியிருக்கிறார்.

ராக்கெட் பக்கத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம், அது தெரிந்தால் படம் இன்னும் ருசிக்கும். 1970-களில் பிரெஞ்சுக்காரர்கள் ‘வைக்கிங்’ என்ற திரவ எரிபொருள் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் காசு இல்லை, ஆள் இருந்தார்கள். தொழில்நுட்பத்தைக் கொடு, பதிலுக்கு நம் பொறியாளர்கள் உனக்கு வேலை செய்கிறார்கள் என்று ஒப்பந்தம். நம்பி தலைமையில் ஒரு பட்டாளம் பிரான்ஸின் வெர்னோன் ஊருக்குப் போய் உட்கார்ந்தது. கற்றுக்கொண்டு வந்து இங்கே செய்ததுதான் ‘விகாஸ்’ எஞ்சின். 1985-ல் அதை வெர்னோனுக்கே கொண்டுபோய்ப் பற்றவைத்துக் காட்டினார்கள். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இன்றும் அதுதான் எரிகிறது. பிறகு கிரையோஜெனிக்: ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கி எரிக்கிற வித்தை. 1991-ல் ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மோஸோடு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா தடை போட்டது. 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பம் தர முடியாது என்று பின்வாங்கியது. அடுத்த வருஷம் அந்தத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் கைதாகிறார். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஆளாளுக்கு ஒரு சதிக்கதை சொல்கிறார்கள். படமும் சாடைமாடையாகச் சொல்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. வெளிநாட்டவர்கள் பேசும் காட்சிகள் சிலவற்றில் பள்ளிக்கூட ஆண்டுவிழா வாசனை அடிக்கிறது. நம்பி போகிற இடமெல்லாம் ஜெயம், எதிரே இருப்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நமக்கே போதும் சாமி என்றாகிறது. சி.பி.ஐ. விசாரணைப் பகுதி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடுகிறது. 2022 ஆகஸ்டில் முன்னாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் திருவனந்தபுரத்தில் நிருபர்களைக் கூட்டி, நம்பியின் சாதனைகளாகப் படம் காட்டுவதில் பெரும்பகுதி உண்மையில்லை என்றே சொன்னார்கள். அவர் நிரபராதி என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. எந்த எஞ்சினுக்கு எத்தனை பேர் சொந்தக்காரர்கள் என்பது அவர்கள் வீட்டுச் சண்டை. சினிமாக்காரர்கள் பத்துப் பேர் செய்ததை ஒருவர் தலையில் வைத்துப் பரிவட்டம் கட்டுவது ஒன்றும் புதுசு இல்லை. வெளியீட்டுக்கு முன்னால் மாதவனே மங்கள்யானையும் பஞ்சாங்கத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசி, இணையம் முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டு, என் அறியாமைதான் என்று ஒப்புக்கொண்டதும் நடந்தது. இலவச விளம்பரம்!

எனக்குப் புல்லரித்த விஷயம் வெளியீட்டுக்கு ஒரு வருஷம் கழித்து நடந்தது. 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் ஆறேகால் மணிக்கு முன்னால் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு போன எல்.வி.எம்.3 ராக்கெட்டின் நடு அடுக்கில் எரிந்தவை இரண்டு விகாஸ் எஞ்சின்கள். மறுநாள், ஆகஸ்ட் 24, தேசிய விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த திரைப்படம் ‘ராக்கெட்ரி’. இந்த டைமிங்கை எந்தத் திரைக்கதை ஆசிரியராவது எழுதியிருந்தால், ஓவர் சார் என்று தயாரிப்பாளர் பேனாவைப் பிடுங்கியிருப்பார். ஒரே ஒரு வயிற்றெரிச்சல்: விருது பட்டியலில் படம் இந்திக் கணக்கில் இருந்தது. சிறந்த தமிழ்ப் படமாக ‘கடைசி விவசாயி’ வாங்கியது என்பதால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ‘ஜெய் பீம்’ வெறுங்கையோடு திரும்பியதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பேட்டி முடியும் தறுவாயில், மாதவன் உட்கார்ந்திருந்த இடத்தில் நிஜ நம்பி நாராயணன் உட்கார்ந்திருக்கிறார். மேக்கப் இல்லை, நடிப்பு இல்லை, எண்பதை நெருங்கும் ஒரு மனிதர். எதிரே சூர்யா, நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறார். பதினாலு மணி நேரம் உட்கார்ந்து கட்டிய முகத்தை, பல்லை, உடம்பை எல்லாம் அந்த இடத்தில் தானே ஓரம் கட்டிவிட்டார் மாதவன். தன் படத்தின் உச்சக்கட்டத்தில் கதாநாயகனே இல்லாமல் போக எத்தனை நடிகர் சம்மதிப்பார்? சொந்தக் காசில் எடுத்துவிட்டு?

வழக்கு முடிந்துவிட்டது என்றும் நினைத்துவிடாதீர்கள். பொய் வழக்கைப் புனைந்தது யார் என்று விசாரிக்கச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 2024-ல் முன்னாள் அதிகாரிகள் ஐந்து பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அது நடக்கட்டும். நீங்கள் படத்தைத் தமிழில் பாருங்கள், இந்தியில் பார்த்துவிட்டு வந்து ஷாருக் நன்றாகச் செய்தாரா சூர்யா நன்றாகச் செய்தாரா என்று என்னிடம் பஞ்சாயத்து வைக்காதீர்கள். என் ஓட்டு சூர்யாவுக்குத்தான்.